பக்கத்து சீட் பிரேக்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒளித்து வைத்த பொருள் கார் சாவி. ஒளித்து வைத்தது நான். யாரிடமிருந்து? பெற்ற தாயிடமிருந்து. மாவு டப்பாவுக்குள் போட்டு மூடி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அலமாரியைக் கவிழ்த்தாள், மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள், கடைசியில் என் முன்னால் வந்து நின்று, "திருட்டு முழி முழிக்கிற. எடுத்தது நீதானே?" என்றாள். நேற்று சாப்பிட்டது மறந்துபோனவளுக்கு என் முழி மட்டும் மறக்கவில்லை பாருங்கள்.

அம்மா டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன காரில் இரண்டாவது பிரேக் ஒன்றைப் பொருத்தி, வாசலில் பலகை மாட்டி, அதில்தான் அம்மா அண்ணனையும் என்னையும் ஆளாக்கினாள். இந்த இரண்டாவது பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் உண்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித் தருகிறவருக்கும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. பக்கத்து சீட் பெடலிலிருந்து ஓட்டுகிறவர் பெடலுக்கு ஒரு கம்பி போகும். இதை மிதித்தால் அதுவும் இறங்கும், வண்டி நிற்கும்.

புதிதாக வருகிற பெண்கள் ஸ்டியரிங்கைத் தொடும்போதே நடுங்குவார்கள். அம்மா அவர்களிடம் சொல்கிற முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். "பயப்படாத. என்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு." கடைசி வார்த்தையும் ஒன்றுதான். "இன்ஜினை ஆஃப் பண்ணு. சாவியைக் குடு." சொல்லிவிட்டுக் கையை நீட்டுவாள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் திட்டு. "ரோட்டைப் பாரு. என் மூஞ்சில ரோடா போட்டிருக்கு?" "கிளச்சை அந்த மிதி மிதிக்கிறியே, அது என்ன உன் மாமியாரா?" யாராவது பயந்துபோய் நடுவழியில் அழுதால் மட்டும் குரல் இறங்கும். "முடியலன்னா ஓரங்கட்டு. அதுல வெட்கமே இல்ல. நடு ரோட்டுல நின்னு அழாத, பின்னாடி வர்றவனும் சேர்ந்து அழுவான்." கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுப்பாள். வண்டி எங்கே உரசினாலும் ஓட்டினவளைத் திட்டமாட்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள்தான் பொறுப்பு என்பது அவள் சட்டம். ஊரில் அவளுக்குப் பெயரே பிரேக்கம்மா.

நானும் அவளிடம் கற்று, அவளோடேயே சேர்ந்து அந்த வேலைக்கே வந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகி, ஆன வேகத்திலேயே முடிந்தும் போனது. அது வேறு கதை. ஆக வீட்டில் அம்மாவும் நானும், வாசலில் ஒரு வெள்ளைக் காரும் ஒரு நீலக் காரும்.

மறதி வந்ததை நாங்கள் உடனே கண்டுபிடிக்கவில்லை. சாவியைத் தொலைப்பதும் பெயரை மாற்றிச் சொல்வதும் யாருக்குத்தான் இல்லை? ஒரு நாள் காலை வகுப்புக்குப் போன அம்மா மத்தியானமாகியும் வரவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஸ்டூடண்டின் போனிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பெண் அழுகிற குரலில், "மேடம், பெட்ரோல் தீர்ந்துபோச்சு. டீச்சர் நேரா போ, நேரா போன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நான் இன்னைக்கு நீளமான கிளாஸ் போலன்னு நினைச்சுட்டேன்" என்றாள். ஊர் எல்லையைத் தாண்டி எங்கேயோ நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவுக்குத் திரும்பும் வழி மறந்துவிட்டது. அதை ஸ்டூடண்டிடம் சொல்ல வெட்கப்பட்டு, நேரா போ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணும் மரியாதைக்கார மகராசி, கேள்வியே கேட்காமல் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், மாத்திரை கொடுத்தார். "இது கூடும். குறையாது. நிதானமா எடுத்துக்குங்க" என்றார். அவருக்கென்ன, நிதானமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் சாவி மாவு டப்பாவுக்குள் போனது.

வேலைக்குப் போகாத அம்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விடிந்தால் போதும், தலை வாரி, கூலிங் கிளாஸ் மாட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். "முதல் ஸ்டூடண்ட் எப்ப?" என்பாள். இன்று லீவு என்றால் சரி என்பாள். நான் உள்ளே போய் டம்ளரைக் கழுவிவிட்டு வருவதற்குள், "முதல் ஸ்டூடண்ட் எப்ப?" என்று ஆரம்பிப்பாள். பத்து தடவை பொறுமையாகச் சொல்வேன், பதினோராவது தடவை வள்ளென்று விழுவேன். எனக்குப் பொறுமை குறைச்சல். அது அம்மாவிடமிருந்து வந்தது, நான் என்ன செய்ய.

ஒரு நாள் ஆற்றாமையில், "சரி, வா, வண்டில ஏறு" என்று வெள்ளைக் காரைக் கிளப்பினேன். நான் ஓட்டினேன், அவள் பக்கத்து சீட்டில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகமே மாறிவிட்டது. தோள் இறங்கி, மூச்சு சீராகி, என்னைப் பார்த்து, "கண்ணாடியைச் சரிபண்ணு" என்றாள். நான் அவளுக்கு ஏதோ ஒரு ஸ்டூடண்ட். எனக்கென்ன குறை? ஒரு சுற்று சுற்றி வந்தோம். அன்றைக்கு முழுக்க அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் மாத்திரை, ரொட்டி, டீ, காரில் ஒரு சுற்று.

சிக்கல் எங்கே வந்ததென்றால், அவள் காலடியில் இருந்தது நிஜமான பிரேக். தூரத்தில் நாய் தெரிந்தால் மிதிப்பாள். யாராவது நடைபாதையில் நின்றால் மிதிப்பாள். ஒரு தடவை கடைத்தெருவில் ஒன்றுமே இல்லாமல் ஓங்கி மிதித்தாள், பின்னால் வந்த வேன் எங்கள் டிக்கியில் வந்து மோதியது. வேன்காரன் இறங்கி வந்து கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. அம்மா கண்ணாடியை இறக்கி, "இடைவெளி விட்டு ஓட்டத் தெரியாதவனுக்கு யாருப்பா லைசென்ஸ் குடுத்தது?" என்றாள். அவன் முனகிக்கொண்டே வேனில் ஏறினான். ஆனாலும் உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

எங்கள் மெக்கானிக் பல வருடப் பழக்கம். அவன் படித்துப் படித்துச் சொன்னதன் பேரில் வெள்ளைக் காரில் அந்தக் கம்பியைக் கழற்றினோம். பெடல் இருக்கும், மிதித்தால் இறங்கும், ஆனால் வண்டி நிற்காது. இனிமேல் அந்த வண்டி அம்மாவுக்கு மட்டும், வகுப்பெல்லாம் நீலக் காரில் என்று ஏற்பாடு. மெக்கானிக் பெடலில் பளிச்சென்று ஒரு சிவப்பு டேப்பைச் சுற்றினான். "அக்கா, இது உங்களுக்காக. மறந்துடாதீங்க" என்றான்.

"மறதி எங்கம்மாவுக்குத்தான் தம்பி, எனக்கில்ல" என்றேன்.

மறுநாள் காலைச் சுற்றில் முதல் திருப்பத்தில் அம்மா மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தாள், நிற்கவில்லை. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "பிரேக் போயிடுச்சு! பிரேக் போயிடுச்சு!" என்று கத்திக்கொண்டே ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி கிறீச்சிட்டு நின்றது. அன்றைக்கு சாப்பிடச் சொன்னால் வாயைத் திறக்கவில்லை. காலைத் தரையில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கும் நான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஓட்டும்போது ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அம்மாவின் காலில். அவள் கால் இறங்கினால் என் காலும் இறங்கும். பின்னால் யாரும் இல்லையென்றால் சட்டென்று, இருந்தால் பதமாக. இரண்டு நாள் பழகியதும் அப்பழுக்கில்லாமல் வந்தது. அவள் மிதிப்பாள், வண்டி நிற்கும், திருப்தியாகத் தலையாட்டுவாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டாக்டரால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

என்ன, அந்த சிவப்பு டேப் அவளை உறுத்தியது. "இதுக்கு என்ன காயம்? யாரு கட்டு போட்டது?" என்று ஓடுகிற வண்டியில் குனிந்து குனிந்து பிய்ப்பாள். சீட் பெல்ட் கழுத்தை இறுக்கும். பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் நானே உட்கார்ந்து சுரண்டி எடுத்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் தினமும் போன் செய்ய ஆரம்பித்தான். அண்ணன் வேறு ஊரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். கெட்டவன் இல்லை. தூரத்தில் இருக்கிறான், அவ்வளவுதான். தூரத்தில் இருப்பவனுக்கு எல்லாமே தெளிவாகத் தெரியும். "ஒரு நல்ல இல்லமா பார்த்துடலாம்மா. நர்ஸ் இருப்பாங்க, டாக்டர் இருப்பாங்க. நீ ஒருத்தியா எவ்வளவு நாள் இழுப்ப?" என்பான். ஒரு தடவை நேரிலேயே வந்து, மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்துக்கு என்னைக் கூட்டிப்போனான். அவன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். நான் காரை விட்டு இறங்கவே இல்லை.

"ஒரு எட்டு வந்து பார்த்தா என்ன?" என்றான்.

"பார்த்தா பிடிச்சுடும். அதான் பார்க்கல."

"பிடிவாதத்துல நீ அம்மாவையே மிஞ்சிடுவ."

"ஆமா, மிஞ்சுவேன். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் எங்கம்மா எங்கயும் போகமாட்டா. நீ வேணும்னா போய்ச் சேந்துக்க, ரூம் நல்லாருக்குன்னு சொல்றியே" என்றேன். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, பேசினதற்காகவே அதைக் காப்பாற்றுகிற ஜாதி நான். அண்ணன் அன்றைக்கே ரயிலேறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை விவரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இல்லாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தாள், கேஸைப் பூட்டினேன். வாசலைத் தாண்டிப் போனாள், கதவைப் பூட்டினேன். என்னை ஒரு நாள் அக்கா என்றாள், ஒரு நாள் நர்ஸ் என்றாள், ஒரு நாள் யாரென்றே தெரியாமல் கையைப் பிடித்துக் கடித்தாள். பகலில் நான் வகுப்பெடுக்கும்போது துணைக்கு ஒரு அம்மாள் வந்து இருப்பார். அவருடைய மகளுக்குப் பிரசவம், போய்விட்டார். எனக்குத் தூக்கம் அரைகுறை. கண்ணாடியில் பார்த்தால் அம்மாவுக்கு நான் அக்காவாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை என்றிருக்கும்.

அந்த நாள் காலையில் அம்மா குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். திறக்கத் தெரியவில்லை. "மேல தூக்கும்மா, தாழ்ப்பாளை மேல தூக்கு" என்று வெளியே நின்று கத்துகிறேன், உள்ளே அவள் குழந்தை மாதிரி அழுகிறாள். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து, உடம்பைத் துடைத்து, உடுப்பு மாட்டி, ரொட்டியை ஊட்டி முடித்தபோது வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தாள்.

பல் டாக்டர் என் ஸ்டூடண்ட். கிளினிக்கில் எப்படியோ தெரியாது, காரில் ஸ்டியரிங்கைக் கடவாய்ப் பல் மாதிரி பிடித்து இழுப்பாள். அடுத்த வாரம் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நீலக் கார் கிளச் வேலைக்காக மெக்கானிக்கிடம் போயிருந்தது. "இன்னைக்கு வேண்டாமே" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாசலில் நின்ற வெள்ளைக் காரில் அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றி, பெல்ட் மாட்டி, பல் டாக்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எத்தனையோ வருடப் பழக்கம். கால் தானாகப் போய் பெடலின் மேல் உட்கார்ந்தது. கம்பி ஞாபகம் கால்நகத்தளவுகூட வரவில்லை. டேப் இருந்திருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு அமைதியான தெரு உண்டு, வகுப்பெல்லாம் அங்கேதான். பார்சல் கொண்டுவருகிற ஒரு ஆள், மூக்கு வரைக்கும் பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். அவனுக்கு எங்கள் கார் தெரிய வாய்ப்பே இல்லை. "பிரேக்" என்றேன். பல் டாக்டர் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். இது நடக்கிறதுதான், எல்லாரும் ஒரு தடவையாவது மிதிப்பார்கள். அதற்குத்தானே பக்கத்து சீட்டில் நான். மிதித்தேன்.

கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து, படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மறுபடி மிதித்தேன். வண்டி போனது. என் கையைத் தூண்டியது மூளை இல்லை, அன்றைக்கு அம்மா இழுத்த இழுப்புதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மறுகையால் ஸ்டியரிங்கைத் தள்ளினேன். வண்டி சறுக்கிப் போய்க் குப்பைத்தொட்டியில் மோதி நின்றது. அந்த ஆள் பெட்டிகளோடு சேர்ந்து விழுந்தான்.

நல்லவேளை, அவனுக்கு முழங்கால் சிராய்ப்பும் மணிக்கட்டில் சுளுக்கும்தான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து முதல் வேலையாகப் போன் உடைந்ததா என்று பார்த்தான். உடையவில்லை என்றதும்தான் எங்களைத் திட்ட ஆரம்பித்தான். வண்டி ஒரு முழம் அந்தப் பக்கம் போயிருந்தால் திட்டுவதற்கு ஆளே இருந்திருக்கமாட்டான். பல் டாக்டர் விசும்பிக்கொண்டு, "என் தப்பு மேடம், நான்தான் மாத்தி மிதிச்சுட்டேன்" என்றாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாத" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல். டீச்சரின் குரல். "பக்கத்து சீட்ல யாரு?"

"நான்தான்" என்றேன்.

"பிரேக் மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"நிக்கலயா?"

"நிக்கல."

"நிக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

நான் காலடியில் இருந்த பெடலைப் பார்த்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே அந்த சீட்ல வந்து உக்காந்தியா? என்ன தைரியம் உனக்கு!" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது. வீட்டுக்குப் போலாமா? எங்கம்மா தேடுவா" என்றாள்.

அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவைத் தூங்கவைத்தேன். அப்புறம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கால் வெறுமனே உள்ளே போகிற பயம் எனக்கு ஒரு நிமிடம். அம்மாவுக்கு அது காலையிலிருந்து ராத்திரி வரைக்கும். தாழ்ப்பாளைத் தொட்டால் திறப்பதில்லை, பெயரைத் தேடினால் வருவதில்லை, மிதிப்பதெல்லாம் உள்ளே போகிறது. நான் அவள் காலைப் பார்த்துப் பார்த்து அவளுக்காக மிதித்துக்கொண்டிருந்தேன். இனி என் காலைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மறதி எனக்கில்லை என்றவள் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன். நாளைக்கு மாத்திரையை மாற்றிக் கொடுப்பேன், கேஸைத் திறந்துவிட்டுப் போவேன். அம்மாவை வைத்துக்கொள்ள எனக்கு ஆசை இருந்தது, தெம்பு இல்லை. அதை ஒத்துக்கொள்ள இவ்வளவு நாள் ஆயிற்று.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். "அந்த இல்லத்துல இடம் இருக்கான்னு கேளு" என்றேன்.

"ஏன் திடீர்னு? இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே. அம்மா பாவம் இல்ல?" என்றான்.

எனக்கு வந்ததே கோபம். "இத்தனை மாசமா என் உயிரை வாங்கினது நீதானே? இப்ப என்ன பாவம் புண்ணியம் பேசற?"

"நீ முடியாதுன்னு சொல்லுவன்னு நம்பித்தான் நான் அப்படிச் சொல்லிட்டிருந்தேன்" என்றான். அவன் குரல் உடைந்தது.

அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆபீசில் எத்தனையோ பேருக்கு உத்தரவு போடுகிறவன், ஐம்பது வயதைத் தாண்டியவன், ஒளிந்துகொள்ள என் பிடிவாதத்தின் பின்னால் இடம் பிடித்து வைத்திருந்திருக்கிறான். "சரி, கிளம்பி வா. பெட்டியைத் தூக்க ஆள் வேணும்" என்றேன்.

இந்தத் தடவை நான் முதலிலேயே தனியாகப் போய் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டு மாடி, உள்ளே நீளமான வராண்டா, சுவரோரம் பிடித்து நடக்கக் கைப்பிடி. ஆளுக்கொரு அறை, அடையாளம் தெரிய ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம். பினாயில் வாசனை இருந்தது, ஆனால் அதற்கு அடியில் வேறு நாற்றம் இல்லை. முன்னால் அகலமான முற்றம், பெரிய இரும்பு கேட். பொறுப்பாளர் அம்மா என் வயதுதான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார், சிரித்து மழுப்பவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"எல்லாரும் சும்மா பிக்னிக்னு சொல்லித்தான் கூட்டிட்டு வருவாங்க" என்றார் அவர். நான் மாட்டேன் என்றேன். அவள் காலடியில் ஒரு பொய்யை வைத்து ஓட்டினது போதும்.

போகிற நாளுக்கு முதல் நாள் மெக்கானிக்கிடம் வெள்ளைக் காரைக் கொண்டுபோய், "அந்தக் கம்பியைத் திரும்ப மாட்டு தம்பி" என்றேன்.

"அக்கா, டீச்சரம்மா பாட்டுக்கு நடு ரோட்டுல மிதிச்சுட்டா?"

"மிதிக்கட்டும். நான் மெதுவா ஓட்டறேன். பின்னாடி வர்றவன் திட்டினா திட்டிட்டுப் போறான்."

அண்ணன் பின் சீட்டில், பெட்டி டிக்கியில், அம்மா அவள் இடத்தில். கூலிங் கிளாஸ் மாட்டியிருந்தாள். முதல் திருப்பத்தில் அவள் மிதித்தாள். என் கால் பிரேக்கில் இல்லவே இல்லை. வண்டி அவள் காலுக்கு நின்றது. அம்மா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கும் நான் ஏமாற்றி வாங்கின தலையாட்டல்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

பாலம் தாண்டியதும் சொன்னேன். "அம்மா, உன்னை ஒரு இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். இனிமே நீ அங்கதான் இருக்கப் போற. அவங்க உன்னைப் பார்த்துப்பாங்க. என்னால முடியலம்மா. நான் எவ்வளவோ பார்த்துட்டேன், என்னால முடியல." அதற்குமேல் ரோடு தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முடியலன்னா ஓரங்கட்டு" என்றாள். "அதுல வெட்கமே இல்ல."

ஓரங்கட்டினேன். அவள் கைப்பையைத் திறந்து டிஷ்யூ ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "அழுது முடிச்சுட்டு எடு. அவசரமில்ல." பின் சீட்டில் என்னைவிடப் பெரிதாக அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பின்னாடி யாரு? இந்தா, அவனுக்கும் ஒண்ணு குடு" என்றாள்.

நான் சொன்னது அவளுக்குப் புரிந்ததா? புரிந்துதான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அழுகிற எந்தப் பெண்ணிடமும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள். நானும் அழுகிற ஒரு பெண்தானே, எனக்கும் சேர்த்துத்தான் என்று வாங்கிக்கொண்டேன்.

இல்லத்தின் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பொறுப்பாளர் அம்மா படியில் காத்திருந்தார். "இன்ஜினை ஆஃப் பண்ணு" என்றாள் அம்மா. பண்ணினேன். அவள் கையை நீட்டினாள். "சாவியைக் குடு."

மாவு டப்பா, துணி அலமாரி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டு என்று எங்கெங்கோ ஒளித்து வைத்த சாவி. எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலை மூடிக்கொண்டு, கதவைத் திறந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் இறங்கிப் படியேறினாள். பொறுப்பாளர் அம்மா என் பக்கத்தில் வந்து, "சாவியை வாங்கிக்குங்க, எங்கயாவது போட்டுடுவாங்க" என்றார்.

"இருக்கட்டும். அவ கேட்டு வாங்கினது" என்றேன். போனட்டைத் திறந்து பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு மூடினேன். சாவியைக் கொடுக்கிற அளவுக்கு நல்லவள்தான், வண்டியைக் கொடுக்கிற அளவுக்கு முட்டாள் இல்லை.

அண்ணன், "டாக்ஸி கூப்பிடவா?" என்றான். வேண்டாம் என்றேன். இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சின்ன வயதில் அம்மா வகுப்பு முடிந்து வரும்வரை நின்ற மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் வந்ததும் அவன் என் பையையும் சேர்த்து வாங்கிக்கொண்டான்.

இல்லத்தில் முதல் நாள் ராத்திரி அம்மா சாவியைக் கையில் பிடித்தபடியே தூங்கினாளாம். சில நாள் அழுதாள், சில நாள் கத்தினாள், ஒரு நாள் என்னைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதையெல்லாம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. அன்றைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, செய்தது சரியா என்று என்னை நானே போட்டுப் பிய்த்துக்கொள்வேன்.

கார் அங்கேயேதான் நிற்கிறது. நீலக் காரைக் கொண்டுபோனால் அதன் சாவியையும் கேட்பாள், அதனால் காலையில் வகுப்புக்கு முன்னால் பஸ்ஸில் போய் வருகிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் பஸ்ஸில் போகிறாள் என்று ஊரே சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். போனதும், முற்றத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டுவதற்காகக் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு, பேட்டரி கம்பியை மாட்டுவேன். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, கைப்பையும் சாவியுமாக அம்மா படியில் இறங்கி வருவாள். என்னை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"நீதான் புது ஸ்டூடண்டா?"

"ஆமா டீச்சர்."

சாவியைக் கொடுப்பாள். சுற்றி வந்து தன் சீட்டில் உட்கார்ந்து, காலை நீட்டி, பெடலை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். அது கெட்டியாக நிற்கும்.

"பயப்படாத" என்பாள். "என்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு."